ஏழு நொடி

பயிற்சி முடிந்து ஆறு மாதம்.
என்ன மாறியிருக்கிறது, பார்த்து வா என்றார்கள்.
மசேருவில் விடியுமுன் கிளம்பிய வண்டி
மொகொட்லொங் தாண்டி ஓர் ஓடையில் மடங்கிவிட்டது.
மிச்சத் தூரம் ஒரு மட்டக்குதிரை சுமந்தது,
என்னையும்
முப்பத்திரண்டு கேள்விகளையும்.

கேள்விக்கு ஐந்து கட்டம்.
'சற்றும் இல்லை' இடது ஓரம்,
'மிகப் பெரிதும்' வலது ஓரம்.
ஆகஸ்ட் காற்று தாள்களைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.
தலைமையாசிரியர் மொஷாபெலா
ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தார்.

"நன்றாகக் கற்றுக்கொண்டது புலெங்தான்."
எங்கே அவர்?
"நன்றாகக் கற்றுக்கொண்டார் என்றேனே.
இப்போது புளூம்ஃபொன்டேனில், தனியார் பள்ளி,
இரண்டரை மடங்கு சம்பளம்."
கல்லைக் கொஞ்சம் நகர்த்தினார்.
"பணியிடத்தில் தாக்கம் என்று போட்டிருக்கிறீர்கள்.
எந்தப் பணியிடத்தில்?"
பதினோராம் கேள்வியில்
'இதே பள்ளியில்' என்று அச்சாகியிருந்தது.
நான் அச்சடிக்கவில்லை என்றேன். உண்மைதான். ஆனாலும்.

கையேட்டைத் தேடவேண்டியிருக்கவில்லை.
ஐந்தாம் வகுப்பு ஜன்னலின் உடைந்த கண்ணாடிக்குப் பதில்
அதன் அட்டை.
மழையில் உப்பி, வெயிலில் வெளுத்து,
தலைப்பு மட்டும் மலையைப் பார்த்து நின்றது.
உள்தாள்கள்?
"அடுப்பு பற்றவைக்க" என்றார் லிகெலெலி.
என்றவர் என் பேனாவைப் பார்த்தார்.
நான் எழுதவில்லை.
பிறகு, வராண்டாவில் நின்று, எழுதினேன்.

அறுபத்து மூன்று பிள்ளைகள்.
கரும்பலகை ஓரம், வறட்டி புகையும் அடுப்புக்குப் பக்கம்
எனக்கொரு முக்காலி.
பாடம் பின்னம்.
ரொட்டியில் மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்றா?
முன்வரிசைக் கைகள் குப்பென்று எழுந்தன.
அவர் அவற்றைக் கூப்பிடவில்லை.
போர்வையின் மடிப்புக்குள், முதுகுக்குப் பின்னால்
கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டு நகர்ந்தது.
எனக்கு மட்டுமே தெரியும் கோணம் அது.

இரண்டு.
கூரைத் தகரம் ஒருமுறை எழுந்து விழுந்தது.
நான்கு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
ஐந்தில் எனக்கே வாய் துறுதுறுத்தது,
விடையைச் சொல்லித் தொலைத்துவிடலாம்போல.
ஏழில்
சுவரோரம், செம்மறி மேய்த்துவிட்டுத் தாமதமாக வந்த
ரெட்செபிலே கேட்டான்:
"யார் வீட்டு ரொட்டி?"

வகுப்பு சிரித்தது.
லிகெலெலி சிரிக்கவில்லை.
இரண்டு வட்டம் வரைந்தார், ஒன்று சிறியது, ஒன்று மிகப் பெரியது.
விரல்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின.

மதியக் கூழுக்குப் பின் நேர்காணல்.
கேள்வி பத்தொன்பது: பயிற்சியில் கற்றதை எந்த அளவு பயன்படுத்துகிறீர்கள்?
"பெரிதாக ஒன்றுமில்லை."
விரல் விட்டு எண்ணினீர்களே!
முகம் சிவந்தது.
"அதுவா? புலெங் செய்வாள்.
பக்கத்து அறை, நடுவில் தட்டிதான்.
அவள் கேள்வி கேட்டதும் ஒரு நிசப்தம் வரும்,
முதலில் பயந்துபோனேன், மயங்கி விழுந்துவிட்டாளோ என்று.
பயிற்சி நாட்களில் எனக்குக் காய்ச்சல்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்."

இதற்குக் கட்டம் இல்லை.
வந்தவர் போய்விட்டார், வராதவர் செய்கிறார்
என்று ஓரத்தில் கிறுக்கி
அடித்தேன். அடித்ததும் படிக்க முடிந்தது.

கேள்வி முப்பத்திரண்டு:
வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
கேட்ட வாயை மூடுமுன்
என் பேனா 'இல்லை'யில் நின்றது.
காலையிலிருந்து எத்தனை 'இல்லை',
எத்தனை பேர் வாயைத் திறக்குமுன்?
பேனாவை எடுத்தேன்.
மேசைக்கு அடியில் கட்டைவிரலை நகர்த்தினேன்.
மூன்று. நான்கு.
லிகெலெலி ஜன்னலைப் பார்த்தார், அட்டையை,
அதற்கப்பால் பூக்கத் தொடங்கிய பீச் மரத்தை.
ஆறில் குதிரைக்காரர் கதவைத் தட்டினார்.

எதற்கோ திறந்த உதடுகள்
"இருட்டுமுன் ஆற்றைத் தாண்டிவிடுங்கள்" என்றன.
அதையும் எழுதிக்கொண்டேன்.